முதுகுக்குப் பின்னால் ஒரு மலை

பதினோரு நாள், ஏழு நாடு, நாற்பத்திரண்டு பேர்.
டிரைவரையும் என்னையும் சேர்த்தால் நாற்பத்திநாலு.
கம்பெனி நோட்டீசில் கொட்டை எழுத்து:
‘காலையில் இட்லி, ராத்திரி ரசம். உத்தரவாதம்!’
அந்த உத்தரவாதம் நான்தான்,
கொருக்குப்பேட்டை எதிராஜ்.

அவர்கள் பெட்டியில் கம்பளி, தொப்பி, கையுறை.
என் பெட்டியில் இட்லி ரவை, உளுந்து, புளி,
மூன்று உறை போட்டுக் கட்டிய பெருங்காயம்.
சூரிச்சில் விமானம் இறங்கியதும்
அத்தனை பேரில் என்னை மட்டும் தேடிவந்து
நாய் ஒன்று வரவேற்றது.

ஊர்களைக் கேட்கிறார்கள் தெருவில்.
எனக்குத் தெரிந்தது அடுப்புகள்.
பிராகில் சுருள் அடுப்பு, சூடேற அரைமணி.
புரூஜில் பெரிய கொதிகலன், நல்ல மனிதர்கள்,
ஆனால் கால்வாய்ப் பக்கம் பாத்திரத்தோடு போகாதே என்றார்கள்,
அன்னங்கள் இருக்கிறதாம்.
எங்கள் பக்கிங்காம் கால்வாயில்
அன்னத்தைத் தவிர எல்லாமே மிதக்கும் என்று
எந்த பாஷையில் சொல்வது?
சிரித்துவைத்தேன்.

லூசர்னில்தான் அந்த விஷயம் நடந்தது.
விடிகாலை நாலரை. நிலவறைச் சமையற்கட்டு.
எண்ணெய் காய்ந்து, கடுகு போட்டு,
மிளகாய் கிள்ளிப் போட்ட அந்த நொடியில்
கூரையெல்லாம் அலறத் தொடங்கியது.
ஐந்து மாடி ஓட்டல், அத்தனை பேரும்
ராத்திரி உடுப்போடு தெருவில்.
சிவப்பு வண்டிகள் இரண்டு.
ஒரு தாளிப்புக்கு.

அரைமணியா, ஒருமணியா, நினைவில்லை.
மேலாளர் அம்மாவின் முன்னால்
கரண்டியோடு நின்று
சாரி மேடம் சாரி மேடம் என்றுகொண்டிருந்தேன்.
எங்கள் கூட்டத்தில் ஒருவர்,
ரிட்டையர்டு வங்கிக்காரர்,
பல் நடுங்க நடுங்கப் படம் எடுத்தார்.
பிறகு எனக்கும் அனுப்பினார்:
‘உங்கள் சாம்பாரால் கிடைத்த தரிசனம்.’
நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.
அன்றைக்கு மதியத்துக்கு
எலுமிச்சை சாதம் நாற்பத்திரண்டு பொட்டலம்.

கோமளா ராயபுரத்தில் இறால் உரிக்கிறாள்.
அவள் விரல் பட்ட இறால் கப்பலேறி
எங்கெங்கோ போய்விட்டது, என்னைவிட முன்னால்.
போகவர, கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி மறிக்கும்போதெல்லாம்
ஸ்கூட்டியை நிறுத்தி அவள் போனைத் திறப்பாள்.
மூன்று வருஷமாய்ப் பார்க்கிறாள் அந்த ஊர்களை,
அறுபத்தெட்டு பெட்டி, எழுபது பெட்டி நீளத்துக்கு.

“பிராகுல அந்தக் கடியாரம் பாத்தியா?
மணியடிச்சா சன்னல் தொறக்கும்,
பன்னெண்டு பொம்ம வரிசயா வரும்,
ஓரத்துல எலும்புக்கூடு ஒண்ணு கயித்த இழுக்கும்.”
மணி கேட்டுது, என்றேன்.
“நீ எங்க இருந்த?”
பஸ்சுல. தயிர் பிரிச்சு ஊத்திக்கினு இருந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்தது கொஞ்சம் நேரம் நீடித்தது.
டேங்கர் டேங்கராகப் போய்க்கொண்டிருந்தது வண்டி.

பிறகு என் போனை வாங்கி
அந்தப் படத்தை அவள்தான் திறந்தாள்.
நடுவில் நான். பனியன், கரண்டி,
அடி வாங்கப் போகிறவன் முகம்.
“ஐயோ, பின்னாடி பாரு.”
பின்னாடி என்ன?
“தள்ளு நீ,” என்றாள்,
பக்கத்தில் நிற்கும் என்னிடம் இல்லை,
படத்தில் நின்றவனிடம்.
இரண்டு விரலால் அகட்டினாள்.
என் காது போனது, தோள் போனது, கரண்டி போனது,
திரை முழுக்க மலை.
உச்சியில் மட்டும் வெயில் தொட்டு
கீழே இன்னும் இருட்டாக.

“இன்னா கலரு சொல்லு.”
ரோஸ் என்றேன்.
“அதில்ல. கொதிக்கிற தண்ணில போட்ட எறா
அப்பத்தான் திரும்புமே,
வெந்தும் வேகாம, அந்தக் கலரு.”
ஆமாம்.
இருபத்தாறு வருஷமாய்ச் சமைக்கிறவன்,
எனக்குத் தோன்றவில்லை.

மூன்று கெஜ தூரத்தில் இருந்திருக்கிறது அது,
கழுத்தைத் திருப்புகிற தூரத்தில்.

கேட்டு எப்போது தூக்கினார்களோ.
பின்னாலிருந்து ஹாரன், ஹாரனுக்குப் பின்னால் ஹாரன்,
யாரோ எங்கள் பரம்பரையை விசாரித்தார்கள்.
இந்தத் தடவை
முழுசாகத் திரும்பிப் பார்த்தேன்.

தண்ணி லாரி.
சொட்டிக்கொண்டே நின்றது.