ஒராள்

"எத்தினை பேர்?" என்று கேட்காத கடைகள்
காலி வீதியில் குறைவு.
கேட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால்
வராத ஒருவரைத் தேடுகிறார்கள்.
ஒராள், என்கிறேன்.
தூணோடு ஒட்டிய மேசை கிடைக்கிறது,
கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்.
போகிறவர் வருகிறவர் உதறும் நீர்
என் இடியப்பத்தில் இரண்டு துளி.

அந்தக் கடையின் பெயரைச் சொல்லமாட்டேன்.
வெள்ளவத்தையில் தனியே சாப்பிட இடம் கேட்டால்
முதலில் ஆஸ்பத்திரி கன்ரீனைச் சொல்வேன்.
தனியே இருப்பவளை அங்கே
ஒருவரும் ஒருமாதிரிப் பார்ப்பதில்லை;
மேல்மாடியில் ஆரோ படுத்திருக்கிறார் என்று
தாங்களே முடிவுசெய்துகொள்கிறார்கள்.
மேல்மாடியில் எனக்கு ஒருவருமில்லை.
நாலரைக்கு மாலுபாண் சூடாக வரும், அவ்வளவுதான்.

கண்ணாடி பதித்த சுவருள்ள கடை வேண்டாம்.
ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து
அவளுக்கும் சேர்த்து மெல்லவேண்டிவரும்.

கால்வாய்ப் பாலத்தடி ஹோட்டலில் மாடிக்கு அனுப்புவார்கள்:
"ஃபமிலி ரூம் இருக்கு, மிஸ்."
பச்சைத் திரை, ஆறு கதிரை, ஒரு காற்றாடி.
ஆறு பேருடைய காற்றை ஒருத்தியாக வாங்கிக்கொண்டு
ஒரு பராட்டாவைப் பிய்ப்பேன்.
பையை ஒரு கதிரையிலும் குடையை ஒரு கதிரையிலும்
இருத்தினாலும் மூன்று மிஞ்சும்.

நஜிமுதீனின் கொத்துக்கடை பரவாயில்லை.
தகடு இரண்டும் கல்லில் விழுகிற சத்தத்தில்
சோடியாக வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் ஏன் தெரிந்துவைத்திருக்கிறேன் என்றால்
நான் கோட்டில் மொழிபெயர்ப்பாளர்.
காலை ஒன்பதரை தொடக்கம் அளுத்கடையில்
மற்றவர்களுடைய "நான்" எல்லாம் நான்தான்.
நான் அடிக்கவில்லை.
நான் அந்தச் சங்கிலியைக் கண்டதேயில்லை.
நான் அன்றிரவு மச்சான் வீட்டில் நின்றேன்.
தமிழில் வாங்கிச் சிங்களத்தில் கொடுத்து,
சிங்களத்தில் வாங்கித் தமிழில் கொடுத்து
நாலு மணிக்கு என் வாய்
ஆட்கள் எழும்பிப்போன அனெக்ஸ் மாதிரிக் கிடக்கும்.
அதற்குள் பிறகு சோறு மட்டும் போனால் போதும்.
கதை வேண்டாம்.

போன வியாழன், சைவக்கடையில்,
என் முன்கதிரையை இழுத்து ஒருவர் இருந்தார்.
பெரியண்ணன் லோகேஸ்வரன். டிக்கோயா. லொறிச் சாரதி.
மூன்று தவணை அவருடைய வாயாக இருந்தேன்.
"பிரேக்கை மிதிச்சேன்,
மிதிச்சிக்கிட்டே இருந்தேன்" என்றார் ஒருநாள்.
அதைச் சிங்களத்தில் சொல்லும்போது
என் வலதுகால் கோட்டின் தரையை அமத்திக்கொண்டிருந்தது.
பிறகு வழக்கை வேறு மன்றுக்கு மாற்றினார்கள்.
தீர்ப்பு எனக்குத் தெரியாது.
கேட்கலாம். பிட்டை உதிர்த்தேன்.
அவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.
சொதி வாளியை மட்டும் என் பக்கம் தள்ளினார்,
கைபிடியை என் கைக்குத் திருப்பி.
அவருடைய கால் மேசைக்குக் கீழே
ஆடாமல் இருந்ததா என்று பார்க்க
ஒரு கரண்டியையாவது விழுத்தியிருக்கலாம்.
கையால் சாப்பிடுகிற கடை.

"ரெண்டும் ஒரு பில்லோ?" என்று பெடியன் கேட்டான்.
"வேற வேற" என்றோம்
இருவரும், ஒரே நேரத்தில்.

மழையில்லாவிட்டால் இன்னோர் இடம்:
பார்சலைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை முடியுமட்டும் போய்,
தண்டவாளம் தாண்டி, அலைக்குப் போட்ட கருங்கல்லில்
சரிவில்லாத ஒன்றாகப் பார்த்து இருக்கவேண்டும்.
லன்ச் சீற் பறக்காமல் நாலு மூலைக்கும் கல்.
காகங்களுக்கு முதலே ஒரு பிடி தூர எறிந்துவிடவேண்டும்,
இல்லாவிட்டால் பேரம் பேசும்.
ஆறேகால் பாணந்துறை ரயிலில் தொங்கிப்போகிறவர்கள்
என் மடியில் என்ன கறி என்று
இரண்டு விநாடி எட்டிப் பார்ப்பார்கள்.

கத்தரிக்காய் என்று
ஒருநாள் சத்தமாகவே சொன்னேன்.