ஆழம் குறிப்பிடப்படவில்லை

மார்ச் இருபத்திரண்டு, தண்ணீர் தினக் கிராம சபை.
பொருள் ஒன்பதை நான்தான் எழுதினேன்,
ஊராட்சிச் செயலர். என் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.
'க.ச. 214-இல் உள்ள சாயப்பட்டறை
கழிவுநீரை மோட்டார் வைத்து
ஆழ்துளைக் கிணற்றுக்குள் அழுத்துவதைத்
தடை செய்யக் கோருதல்.'

நூறு பேர் வேண்டும் தீர்மானம் செல்ல.
பதினொன்றரைக்குத் தொண்ணூற்றாறு,
எல்லாம் கிணறு வைத்திருப்பவர்கள்.
தலைவர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பட்டறைக்காரர் அவருக்குப் பங்காளி முறை.
"ஆளில்லீனா அடுத்த சபைக்கு வெச்சுக்கலாமுங்க."

அப்போது காலனியிலிருந்து மாசாணி வந்தாள்,
கூட மூன்று பேர், ஒரு குடம்.
வழக்கமாக நோட்டைத் தூக்கிக்கொண்டு
நாங்கள்தான் அங்கே போவோம்,
கூட்டம் முடிந்தபின், கையெழுத்துக்கு மட்டும்.
குடத்தை மேஜைமேல் வைத்தாள், என் பேனாவுக்குப் பக்கத்தில்.
"உங்க வளவுக்கு இன்னும் வர்லீங்க.
எங்களுக்கு வந்து எட்டு மாசம்."
கத்தரிப்பூ நிறம்.
நிறத்தையும் எழுதட்டுமா என்றேன்.
யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராத்திரி ஏற்காடு வண்டி, முன்பதிவில்லாப் பெட்டி,
பால் சொசைட்டி கவரில் தீர்மான நகல்.
பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆறு வாய்தா.
ஒன்றில் எதிர்தரப்பு வக்கீல் வரவில்லை,
ஒன்றில் எங்கள் ஊர்ப்பெயரில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது.
நான்காவதில் அவர் எழுந்தார்.
இங்கிலீஷில் பேசினார்; எனக்கு விளங்கியது இவ்வளவு:
குப்பை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய்,
ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு, மறுக்கவில்லை;
ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே
எந்த ஊரும் இல்லை.

கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தேன்.
வடக்கே வண்டித்தடம். கிழக்கே ஓடை.
தெற்கே மந்தைப் புறம்போக்கு. மேற்கே கரடு.
ஆழம் குறிப்பிடப்படவில்லை.

அப்புறம்தான் செங்கோட்டுவேலுவைத் தேடிப் போனோம்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்,
ராஜஸ்தான் வரைக்கும் பாறை குடைந்தவர்,
அந்தக் குழியைப் போட்டவரும் அவரே.
வாக்குமூலம் சொன்னார்:
"எழுநூத்தி அறுவதுல பிட்டு சடார்னு எறங்குச்சுங்க, வெடிப்பு.
கம்ப்ரசர் காத்து குழிவாய்க்கு வர்லீங்க.
பொறவு பாத்தா, ஓடைக்கு அந்தப்பக்கம்
மயிலாத்தா காட்டுக் கெணத்துல கொப்புளிக்குது."
நவமணி வக்கீல் தட்டச்சை நிறுத்தினார்.
"ஏங்க அப்பவே சொல்லலை?"
"அடிக்கு நூத்திப்பத்து ரூவாய்ங்க."
கொஞ்சநேரம் மின்விசிறியையே பார்த்தார்.
"அதையுஞ் சேர்த்துக்குங்க" என்றார்.

செப்டம்பரில் வந்தது இடைக்கால உத்தரவு.
குழி வாய்க்கு அரக்குச் சீல்.
மறு உத்தரவு வரும்வரை
'தற்போதைய நிலை தொடரட்டும்.'
பேருந்து நிறுத்தத்தில் சரவெடி,
தலைவர் கையால் லட்டு.
எனக்கும் ஒன்று; தின்றேன்.

காலனிக் குழாயடியில் மாசாணி கேட்டாள்:
"தற்போதைய நிலைன்னா எதுங்க சார்?"
குடம் பாதி நிறைந்திருந்தது.
கத்தரிப்பூ கொஞ்சம் வெளுத்திருந்த மாதிரியும் இருந்தது,
இல்லாத மாதிரியும்.
உத்தரவை மறுபடி படித்துக் காட்டினேன்.
படித்ததுதான்.

நவம்பர் ஒன்று, உள்ளாட்சி தினக் கிராம சபை.
பொருள் நான்கு: காலனிக்கு லாரித் தண்ணீர்,
கிழக்கு வளவிலிருந்து தனிக் குழாய்.
பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு.
பருத்திக் காட்டில் வேலை என்றார்கள்,
மாடு கன்று போடுகிறது என்றார்கள்.
மொத்தம் முப்பத்தெட்டு, அதில் காலனி முப்பத்தொன்று.

தலைவர் கிளம்பிவிட்டார்.
ஆள் போதாத கூட்டத்தை அடிக்கோடிட்டு முடிக்க வேண்டும் என்பது விதி.
முப்பத்தெட்டாவது கையெழுத்துக்குக் கீழே
கோடு போடாமல் வைத்திருக்கிறேன்.