தீர்ந்தது

மாரத்தஹள்ளி, மூன்றாம் மாடி.
ஒருவர் எழுதிய பத்தியின் ஓரத்தில்
இன்னொருவர் முணுமுணுக்க
எவ்வளவு இடம் விடலாமென்று
காலையிலிருந்து அளக்கிறோம்.
இருநூற்று நாற்பது பிக்சல் என்கிறான் நிஷாந்த்.
கோபத்துக்கு அது காணாது என்கிறேன்.

சோதனைக்கு வாய்த்தது
கசவனஹள்ளி அடுக்ககம் ஒன்றின் தண்ணீர் விதிகள்.
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரே ஆவணம்.
நான்காம் விதி:
வீட்டு வேலைக்கு வருவோர்
கீழ்க் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது.
அதற்கு நேரே, பி-704 இமெல்டா:
"அப்போ முனிரத்னம்மா எங்கே குடிப்பாங்க?"

அடியில் பதினேழு பதில்கள்.
டேங்கர் விலை ஏறியது பற்றி ஒன்பது.
கைகூப்பும் பொம்மை ஒன்று.
ஒருவர் காற்புள்ளி மட்டும் திருத்தியிருந்தார்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
செயலாளர் குல்கர்னி அந்த வரியையே அழித்தார்.
வரியோடு கேள்வியும் போனது.
மறுநாள் ஒன்பதாம் விதியில் அதே வரி,
சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு:
பொதுக் குழாய் குடியிருப்போர் பயன்பாட்டுக்கே.
பக்கத்தில் வெள்ளை ஓரம்.
முணுமுணுப்பே இல்லை.

சொல் போனால் அதைப் பற்றிய பேச்சும் போகட்டும்
என்று எழுதி வைத்தவள் நான்தான்.
மார்ச்சில், ஒரு வியாழன், சாப்பிடப் போகும் அவசரத்தில்.

விவாதத்தை மூடும் பொத்தானுக்குத்
தமிழில் பெயர் வைத்ததும் நான்தான்.
"மூடு" என்றால் அதட்டல்.
"முடிந்தது" என்றால் சாவு வீடு.
"தீர்ந்தது" என்று வைத்து
இரண்டு நாள் பெருமைப்பட்டேன்.

அன்று இரவு குழாய் இருமியது.
தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு
குளியலறைக்குள்ளிருந்து ஷர்மதா கத்தினாள்:
"ஏய், தண்ணி தீர்ந்துடுச்சு!"

அழித்த வரி இப்போது
சாம்பல் கோடாய்க் கிடக்கும் இடத்திலேயே கிடக்கிறது.
கேள்வி அதன்மேல் நிற்கிறது.
கேட்டவர் மட்டுமே மூடலாம்.
பக்கம் அசிங்கமாயிருக்கிறது என்கிறான் நிஷாந்த்.
ஆமாம், அசிங்கம்தான்.

மறுபடி திறந்து பார்க்கிறோம்.
இமெல்டாவின் கேள்விக்குக் கீழே
மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன,
யாரோ எழுதுகிறார்.
நின்றது.
திரும்பத் துள்ளியது.
நின்றது.

யாராகவும் இருக்கலாம்,
முனிரத்னம்மாவைத் தவிர.
அவருக்கு இதில் கணக்கு இல்லை.
அந்தப் பெட்டியை நாங்கள் இன்னும் வரையவில்லை.