ஆயிரத்துக்கு எத்தனை

வண்ணார்பேட்டை மேம்பாலத்தைப் பார்த்த
மூன்றாம் மாடியில் என் லேப்.
கண்ணாடித் துண்டில் நீலத்துக்கு நடுவே
பழுப்பாய்த் தெரிகிறவற்றை மட்டும் எண்ணுகிறேன்.
பழுப்பென்றால் அந்தச் செல்
இரண்டாகப் பார்க்கிறது.

ஆயிரம் எண்ண வேண்டும்.
அறுநூற்றுப் பன்னிரண்டில் கரண்ட் போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.

நூற்றுக்கு மூன்றை எட்டாவிட்டால் முதல் தரம்.
இருபது வரை இரண்டாம் தரம்.
தாண்டினால் மூன்று.
அரிசிக் கடையிலும் முதல் தரம்தான் நல்லது என்பதால்
இந்த ஒன்றை மட்டும்
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேலப்பாளையம் மைமூன் பீவி, நாற்பத்தெட்டு.
ரத்தம் இல்லை, கால் மரத்துப்போகிறது என்று போனவர்.
இரைப்பையின் உள்தோல் தேய்ந்து
அமிலம் வற்றிவிட்டது.
வராத அமிலத்தை உடம்பு
கூப்பிட்டுக் கூப்பிட்டே பெருக்கிய செல்கள்
ஐந்து மொட்டுகளாக, மிளகளவில்.

ரிப்போர்ட் வாங்க ஆளனுப்பாமல்
தானே படியேறி வந்தார்.
விரல்நுனியெல்லாம் புகையிலைப் பழுப்பு.
"எத்தன எண்ணுனிய?"
"ஆயிரம்."
"கழிவு?"
"பதினாலு."
மனசுக்குள் கட்டுக் கட்டாய்ப் பிரித்துப் பார்த்தார்.
"அம்புட்டுத்தானா? எங்க பீடி செக்கரு
இதுக்கு மேலயே ஒடிச்சுப் போடுவான்."
சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல்
டாக்டரைப் பாருங்கள் என்றேன்.

குழாய் விட்டு, சுருக்குப் போட்டு
எடுத்துவிட்டார்களாம்.
வயிறு முழுசாக இருக்கிறது.
மாதம் ஒரு பி-பன்னிரண்டு ஊசி,
வருடத்துக்கு ஒருமுறை குழாய்.
திரும்ப முளைக்கும், திரும்பக் கிள்ளுவார்கள்.
இதை வைத்துக்கொண்டே கிழவியாகலாம்.

அன்று அதே தட்டில் அடுத்த கண்ணாடி
களக்காட்டு வாழைத்தார் லாரி ஓட்டுநர்
தங்கமாடசாமியுடையது.
ஒற்றைக் கட்டி. அமிலத்தில் குறையில்லை,
சொல்ல ஒரு காரணமும் இல்லை.
நீலத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.
பார்த்ததுமே தெரிந்தது. இருந்தும் எண்ணினேன்,
ஆயிரம் வரைக்கும்.
எழுநூற்று முப்பத்தொன்று.
ஈரலிலும் விதை விழுந்திருந்தது.
கத்திக்கு இனி வேலையில்லை, மருந்துதான்;
மருந்து வாங்கித் தருவது
மாதக் கணக்கு.

அவர் மைத்துனர் வந்தார்.
கவரைப் பிரிக்கவில்லை.
பில் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.
சொன்னேன்.
நூறு ரூபாய் கூடத் தந்துவிட்டு
மீதி வாங்காமல் இறங்கிப் போனார்.
அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இன்று மைமூன் பீவியின்
இரண்டாம் வருடக் கண்ணாடி.
ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்கிறேன்.
பாலத்தில் தார் ஏற்றிய லாரிகளின் ஹாரன்
எண்ணிக்கையைக் கலைத்துவிடுகிறது.