ஒலோங்காவின் அடி

குமாசிச் சந்தையில் என் கடைக்கு இடப்பக்கம்
கொனாடுவின் கடை.
எனக்குத் தக்காளி. அவளுக்குக் காரி:
மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து,
பிழிந்து வறுத்த மாவு.
மூட்டை மூட்டையாய் வரும்,
ஒலோங்கா ஒலோங்காவாய்ப் போகும்.

ஒலோங்கா என்றால் தகரப் படி.
வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே உயரம்.
அடியில்தான் சூட்சுமம்.
கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு;
உள்ளே ஒரு மேடு எழும்பும்.
மேட்டின் மேல் நிற்கிற காரி
நிறைந்தது போலவே நிற்கும்.
எல்லாரும் செய்வதுதான்.
எல்லாரும் செய்வதற்குச் சந்தையில்
பாவம் என்று பெயரில்லை,
கணக்கு என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவளைப் பார்க்க வேண்டும்.
வெள்ளைத் துணி, வெள்ளைத் தலைக்கட்டு.
காணிக்கைக்குக் கிழமை கிழமையாய்க் கூப்பிடுவார்கள்.
"வியாழனில் பிறந்தவர்கள்!" என்றதும்
கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு
முதல் ஆளாய் ஆடிப்போவாள்.
எங்கள் செவ்வாய்க்காரர்கள் ஒரு தடவைகூட
அவர்களை முந்தியதில்லை.

அந்த மழையில் பள்ளத்து வீடுகளுக்குள் ஓடை புகுந்தது.
ஆலய முற்றத்தில் அண்டா ஏறியது.
"என் பேரில் இருபது ஒலோங்கா" என்றாள் கொனாடு.
சபை கைதட்டிற்று.
அவள் தகரத்தில்தான் அளந்தாள்.
சாக்கின் வாயைப் பிடித்திருந்தது நான்.

சமையல் பொறுப்பு டுஃபியேவுக்கு.
ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள், பேச்சுக் குறைவு.
அவள் படி பழையது, அடி வாங்காதது.
சாக்கிலிருந்து ஒவ்வொன்றாய் அளந்து கொட்டினாள்.
நானும் கொனாடுவும் எதிரெதிரே
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.
பதினைந்து.
பதினாறு.
பதினேழு.
சாக்கை உதறினாள். தூசிதான் வந்தது.

கொனாடு நிமிரவில்லை.
வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

டுஃபியே எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.
நோட்டை எடுத்து
"கொனாடு, இருபது" என்று எழுதினாள்.
பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போய்த் திரும்பினாள்,
தலையில் ஒரு சின்னப் பையோடு.
மூன்று ஒலோங்கா.
ஐந்து பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டிலிருந்து.
எழுதியதை உண்மையாக்கிவிட்டு
அண்டாவைக் கிளறத் தொடங்கினாள்.

அதற்கு என்ன பெயரென்று போதகர்
மூன்று ஞாயிறு விளக்கியிருக்கிறார்.
நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம், சந்தை மூடியபின்,
பக்கத்துக் கடையில் சுத்தியல் சத்தம்.
தகரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி
உள்ளேயிருந்து வெளியே அடிக்கிறாள் கொனாடு.
அடிக்கு மேல் அடி.
ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு:
தகரத்துக்கு, சுத்தியலுக்கு,
டுஃபியேவுக்கு,
பேசாமல் போன அந்த வாய்க்கு.

மறுநாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.
வாங்க வந்த ஒருத்தி முறைத்தாள்:
"கூட வருகிறதே, பழைய காரியா?"
புருஷன் ஒப்பாங் விரல்விட்டுப் பார்த்தான்:
மூட்டைக்கு நாற்பது வந்த இடத்தில்
முப்பத்துநாலுதானே வருகிறது?
"மூட்டை சுருங்கிப்போச்சு" என்றாள்.

ஆனால் ஒரு தரம் அடிபட்ட தகரம்
முழுதும் சமமாவதில்லை.
நடுவே கட்டைவிரல் பருமனில்
ஒரு மேடு இன்னும் இருக்கிறது.
அதற்காக அவள் ஒவ்வொரு படிக்கும்
மேலே ஒரு பிடி அள்ளிக் குவிக்கிறாள்,
குவியல் நிற்காமல்
வாங்குகிறவள் பைக்குள் சரிகிறது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
என் தட்டில் மேலே ஆறு தக்காளி,
துடைத்து வைத்த சிவப்பு.
அடியில் என்ன என்று கேட்காதீர்கள்.
இன்று காலை இரண்டை எடுத்து
ஆட்டுக்குப் போட்டேன்.
இன்னும் மூன்று இருக்கிறது.