கசிவு

நூராகா கொடுத்தது ஒரு நஸ்வார் டப்பாவில்.
பதினேழு விதை. தட்டை, தவிட்டு நிறம்,
உளுந்துத் தொலிபோல ஊதினால் பறக்கும்.
"அங்கூஸா," என்றார். புரியவில்லை.
மூடியைத் திறந்ததும் மூக்குக்குப் புரிந்தது.

இரவு இரண்டு மணி. லாரி கம்பெனி டிஸ்பாட்ச் மேசை.
கோக்கிஹாலா கணவாயில் பனி, பதினொரு வண்டி நடுவழியில்.
நானோ கொதிக்கும் ரசத்தின் முன்னால்
உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷம் தாளித்தும்
அது ஒரு செடி என்று தோன்றியதே இல்லை.
டப்பாவில் பிறந்து டப்பாவில் தீர்வது என்றே இருந்தேன்.
கேரட்டுக்குப் பங்காளியாம்.
சீரகத்துக்கும் கொத்தமல்லிக்கும்
ஒன்றுவிட்ட பெரியப்பாவாம்.
"வீட்டுக்குள் சேர்க்காத பெரியப்பா,"
நூராகா சிரித்தார்.

குளிர்ந்து கிடந்தால்தான் முளைக்கும் என்றார்கள்.
ஈரமணலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன்.
நான்காம் நாள் பால் மணத்தது.
குணாளன் ஒன்றும் சொல்லாமல்
காபியை சிங்க்கில் ஊற்றினார்.
எடுத்துப்போய்ப் பனியில் புதைத்தேன்,
கம்லூப்ஸின் மைனஸ் பதினெட்டில்.

மூன்று முளைத்தன.
ஒன்றைத் தண்ணீர் விட்டே கொன்றேன்.
அது வறண்ட மலையின் பிள்ளை; எனக்கோ
செடி என்றால் குடம் என்று கை பழகியிருந்தது.
இன்னொன்றை எதுவோ தோண்டியது, முகர்ந்தது,
தின்னாமல் போட்டுவிட்டுப் போனது.

மிஞ்சியது ஒன்று.
ஏப்ரலில் இலை. ஜூனில் மஞ்சள். ஜூலையில் வெறும் மண்.
முதல் வருஷம் அழுதேன், கொஞ்சம்தான்.
அடுத்த வருஷம் ஐஸ்கிரீம் குச்சி நட்டேன்:
"தூங்குகிறது. மண்வெட்டி வேண்டாம்."
தமிழில் எழுதியதால்
குணாளனுக்கு மட்டுமான எச்சரிக்கை அது.

நான்காம் வசந்தம், மழை பெய்த மறுநாள்,
பக்கத்து வீட்டு மர்லீன் கேஸ் கம்பெனியைக் கூப்பிட்டாள்.
மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன்
வேலியோரம் மீட்டரை நீட்டி நீட்டி நடந்தான்.
முள் அசையவில்லை. மூக்கு அசைந்தது.
"இதுதான் கசிகிறது," என்று செடியைக் காட்டினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் டிக் போட்டான்.
மர்லீன் மன்னிப்புக் கேட்டாள்,
மூக்கைப் பொத்தியபடி.

ஏழாம் வருஷம் தண்டு கிளம்பியது.
சொல்லாமல் கொள்ளாமல்
மூன்றே வாரத்தில் என் தலைக்கு மேலே.
பிரின்ஸ் ஜார்ஜ் போகிற வழியில் நூராகாவைப் போனில் பிடித்தேன்.
"பூக்கப் போகிறது. பூத்தால் போய்விடும்.
பால் வேண்டுமென்றால் இப்போதே வேரைக் கீறணும்."
"கீறினால்?"
"பூவில்லை. விதையில்லை."
அப்புறம் சிக்னலும் இல்லை.

கத்தியோடு போய்க் குத்துக்காலிட்டேன்.
மண்ணை ஒதுக்கினால் வேர் என் முழங்கை கனம்,
கழுத்தைச் சுற்றிப் பழைய இலைகளின் நார்.
ஆறு குளிர்காலத்தை அங்கேதான் சுற்றி வைத்திருக்கிறது.
பெயரிலேயே காயம் இருக்கிற பண்டம்,
அதுவும் பெரிய காயம்;
எனக்குச் சின்னது போதும் என்று
நகத்தளவு கீறினேன்.
பால் வந்தது, அவசரமில்லாமல்.
மண்ணை மூடிவிட்டு எழுந்தேன்.
விரலில் பட்டது மூன்று நாள் போகவில்லை.
ஹெட்செட் இன்னும் மணக்கிறது.

அது பூத்தது. அந்தக் கீறலை
ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.
குடைகுடையாய் மஞ்சள்.
தேனீக்கள் வரும் என்று இருந்தேன். ஈக்கள் வந்தன,
பத்திரிகை வைத்து அழைத்தவர்கள்போல.
ஆகஸ்டில் தண்டு உள்ளே காலியாகி
இரவெல்லாம் வேலியைத் தட்டியது.

அன்று வந்த துளி காய்ந்து கடுகளவு.
பருப்பில் போட்டேன்.
"டப்பா மாத்தினியா? கொஞ்சம் கசக்குது," என்றார் குணாளன்,
இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு.

விதைகளை முன்னூற்றுப் பன்னிரண்டுவரை எண்ணினேன்.
பிறகு காற்றடித்தது.
வேலிக்கு மேல் மர்லீன் கை நீட்டினாள்.
உள்ளங்கையில் ஆறு வைத்தேன்.
"ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதே," என்றேன்.