எதிர்பாராதவிதமாக

"எதிர்பாராதவிதமாக மூடப்பட்டது" என்கிறது.
ஏழாவது தடவை.
ஏழாவது தடவை நடப்பதற்கும்
அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரமாக அனுமதி கேட்டது கணினி.
நேற்றிரவு பல் துலக்கிக்கொண்டே
சரி என்று அழுத்தியவள் நான்தான்.
காலையில் திரை பளிச்சென்று
புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.
பழைய வேலையைத் திறந்தால் மட்டும்
முகத்தில் அடித்தாற்போல் சாத்திக்கொள்கிறது.

ரியெக்காவில் இன்று வடக்கிலிருந்து புரா காற்று.
துறைமுகத்துக் கயிறுகள் விசிலடிக்கின்றன.
மத்தி மீன் டப்பா மூடி, நாற்பதாயிரம்,
காலை ஆறு மணிக்கு
லூச்சானோவின் அச்சகத்தில் ஓடியாக வேண்டும்.

உதவி எண்ணில் ஒரு பையன், கொட்டாவியோடு:
எழுத்துருக்களில் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.
மறுபடி விழுந்தால், இருப்பதில் பாதி.

நானூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றாறு. விழுந்தது.
நூற்று மூன்று. நின்றது. ஆக, மற்ற நூற்று மூன்றில்.
ஐம்பத்தொன்று. விழுந்தது.
பாதிபாதியாகப் பிரிப்பது எனக்குப் பழக்கம்தான்.
துவர்த்கோ கிராட்ஸுக்குப் போனபோது
நாற்காலிகளை, வாடிக்கையாளர்களை
அப்படித்தான் பிரித்தோம்.
ஐந்து காபிக் கோப்பைகளில் ஐந்தாவது யாருக்கு என்று
ஒரு மாலை முழுக்கப் பேசினோம்.

இருபத்தாறு. பதின்மூன்று. ஆறு. மூன்று.
ஒன்றேகால் மணிக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அவன் வரைந்தது.
டப்பாவின் பெயருக்காகவே
ஒரு குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து வரைந்த எழுத்துரு.
'ஜல்'. எங்கள் மொழியில் கூழாங்கல் கரை.
துக்கத்துக்கும் அதே சொல்தான்.
முதல் எழுத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி.
அதை எந்த விதிக்கும் அடங்காமல்
தன் இஷ்டத்துக்கு ஒட்டவைத்திருந்தான்.
பழைய கணினி பொறுத்துப்போனது.

அறிக்கை அனுப்பவா என்று கேட்கிறது பெட்டி.
விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
"பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"ஒன்றுமில்லை." அனுப்பு.

கைபேசியில் அவன் எண் இருக்கிறது.
இங்கே ஒன்றரை. கிராட்ஸிலும் ஒன்றரைதான்.
வேண்டாம்.

அலமாரியில் போன வருட டப்பா ஒன்று கிடந்தது.
வளையத்தில் விரல் கொடுத்து உரித்தேன்.
மூடி சுருண்டுகொண்டது.
மீனை நின்றபடியே ரொட்டியோடு தின்றுவிட்டு
மூடியை உருட்டுக்கட்டையால் நீவி
விளக்கடியில் படமெடுத்தேன்.
திறக்காமலே எடுத்திருக்கலாம் என்பது
பிறகுதான் உறைத்தது. பசித்திருக்க வேண்டும்.

கொக்கியின் ஓரமாகப் புள்ளி, புள்ளி, புள்ளி.
இப்போது அது எழுத்துரு இல்லை.
யாருடைய கையும் இல்லாத ஒரு கோடு.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை சேமித்தேன்.
விழவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு லூச்சானோ கூப்பிட்டான்.
பின்னால் இயந்திரம் சூடாகும் சத்தம்.
"கொக்கி கொஞ்சம் சாஞ்சிருக்கு, வெத்ரானா.
நிமிர்த்தட்டுமா?"
"விடு" என்றேன்.

விசைப்பலகை முழுக்க மீன் எண்ணெய்.
சேமிக்கும் விசையில்தான் அதிகம்.